ஒட்டாத எண்

புந்தா அரேனாஸில் வசந்தம் என்றால் காற்று.
பிடித்து நடக்கத் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அந்தக் காற்றில்தான் நான் பலூன் விடுகிறேன்.
ஹீலியம் நிரப்புவது, முடிச்சுப் போடுவது,
தெர்மோகோல் பெட்டிக்குள் அயோடைடு கரைசலை
அளந்து ஊற்றுவது, இவ்வளவே என் வேலை.
மிச்சமெல்லாம் மிலென்கா ராடோனிச்சுடையது.

பெட்டி ஏறும். சின்னப் பம்பு காற்றை உறிஞ்சும்.
ஓசோன் கரைசலைத் தொட்டால் துளி மின்சாரம்.
தலைக்கு மேலுள்ள அத்தனையையும்
தரைக்கு இறக்கி அழுத்தினால் மூன்று மில்லிமீட்டர்.
இங்கே அக்டோபரில் சில நாள் அதில் பாதி.
அந்தப் பாதியின் கீழே
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
பறக்கும் தொப்பியைத் துரத்துகிறார்கள்.

மிலென்கா கணினிக்குள் ஒரு வானம் வைத்திருக்கிறாள்.
அதற்கு நாற்பத்தொரு திருகுகள்:
குளோரின் விழித்துக்கொள்ளும் வேகம்,
முத்துச்சிப்பி நிற மேகம் உறையும் குளிர்,
துருவச் சுழலின் ஓரம் கிழியும் இடம்.
அவள் வானம் சொல்வதற்கும் என் பலூன்கள் சொல்வதற்கும்
நடுவிலுள்ள பிழையை மேடுபள்ளமான நிலமாக்கி
இருட்டில் ஒருவனை அதில் இறக்கிவிடுகிறாள்.
காலால் தடவி, எந்தப் பக்கம் சரிவோ
அந்தப் பக்கம் ஓர் அடி. மறுபடி தடவல்.
சரிவே தட்டுப்படாவிட்டால் உட்கார்ந்துவிடுவான்.
இதுதான் அடி என்பான்.
மலைமேல் ஒரு குட்டையாகவும் இருக்கலாம் அது.

மூன்று வாரம் நடந்தான். உட்கார்ந்தான்.
எட்டு பலூன்கள் ஒத்துக்கொண்டன.
ஒன்பதாவது மட்டும்
பதினேழு கிலோமீட்டர் உயரத்தில்
ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றது.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
பம்பு உறைந்திருக்கும் என்றேன்.
என் பம்பு, என் கரைசல். நானே சொல்லிவிட்டேன்.
அதன் எடையை 0.02 ஆக்கினாள்.
பொய் என்று சொல்லவில்லை, குரலைக் குறைத்தாள்.
பிழை சட்டென்று இறங்கியது.
இருவரும் மாத்தே குடித்தோம்.

டிசம்பரில் நீரிணைக்கு அப்பாலிருந்து ஒரு போன்.
நிபால்தோ பர்ரியா, ஆட்டுப்பண்ணைக்காரர்.
"உங்கள் நம்பர் எழுதின பெட்டி ஒன்று என் வேலியில் கிடந்தது."
படகேறிப் போனோம்.
"குருட்டு ஆடு பார்க்க வந்த பத்திரிகைக்காரர்களோ என்று பயந்தேன்.
அது வெறும் கண்நோய். மருந்து போட்டேன், போய்விட்டது."
ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில்
நாய்களுக்கு எட்டாத ஆணியில் தொங்கியது பெட்டி.
எவ்வளவு தூரம் போனது இது என்று கேட்டார்.
முப்பத்தொரு கிலோமீட்டர், மேலே.
"அவ்வளவுதானா?
பக்கத்து வீட்டுக்காரன் அதைவிடத் தூரம் எனக்கு."

மிலென்கா ரோம மூட்டைமேல் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.
கரைசல் காய்ந்து பழுப்புக் கறை.
புது பேட்டரி கொடுத்ததும் பம்பு முனகி, ஓடியது.
சோப்புக் குமிழி குழாயில் ஏறுவதை எண்ணினாள்.
நூறு மில்லிக்கு இருபத்தெட்டு நொடி.
மூடிக்குள் என் கையெழுத்திலும் இருபத்தெட்டு.
மேலே உறையவில்லை என்பதற்கு இது சாட்சியில்லையே என்றேன்.
"உறைந்தது என்பதற்கும் இல்லை" என்றாள்.

அன்றிரவு எடையை ஒன்று ஆக்கினாள்.
பிழை ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.
உட்கார்ந்திருந்தவன் எழுந்து
தன் குட்டையின் கரைமேல் நின்றான்.
அந்தப் பக்கம் சரிவு.

இங்கே கோடையில் சீக்கிரம் விடிந்துவிடும்.
திரையில் சுழலின் ஓரம் கிழிந்து
நாக்குப் போல மெலிந்த ஒரு வெறுமை
வடக்கே நீண்டு, எங்கள் ஊர்மேல் படுத்திருந்தது.
ஒன்பதாவது பலூன் போன அதே காலை.

எனக்கு அந்தக் காலை ஞாபகமிருக்கிறது.
அதிசயமாய்க் காற்றே இல்லை. கயிறுகள் தொய்ந்து கிடந்தன.
நல்ல வெயில் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு
பலூன் புள்ளியாகும்வரை
அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.